கேன் நிரம்ப வேண்டியதில்லை

1. கேனில் ரெண்டு பேர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு லேபிலிருந்து போன் வந்தது.

"மேடம், நீங்க அனுப்பின கேன்ல ரெண்டு பேரு இருக்காங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அந்த வாக்கியம் புரியாது. எனக்கு உடனே புரிந்தது.

நான் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டடி கோஆர்டினேட்டர். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். புது மருந்துகளை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஃபைலோடு ஓடுகிற ஆள். நான் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியனாக இருந்து இதற்கு வந்தவள். ஆனால் வருகிற நோயாளிகள் எல்லாரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் சில வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த ஸ்டடி கிட்னி சம்பந்தப்பட்டது. கிட்னி கெட்டுப்போக ஆரம்பித்தால், உடம்பிலேயே தங்க வேண்டிய புரோட்டீன் சிறுநீரில் ஒழுகிப் போகும். காபி ஃபில்டரில் ஓட்டை பெரிசானால் தூளும் சேர்ந்து இறங்குமே, அந்த மாதிரி. ஒழுகுவதைக் குறைத்தால் கிட்னி கெடுவதைத் தள்ளிப் போடலாமா, டயாலிசிஸ் வருவதைத் தள்ளிப் போடலாமா என்பதுதான் கேள்வி. எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிய, நோயாளி ஒரு முழு நாள் போகிற சிறுநீர் மொத்தத்தையும் ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். இருபத்துநாலு மணி நேர கலெக்‌ஷன் என்று பெயர். என் தலைமுடி நரைத்ததில் பாதி இதனால்தான்.

கேனில் இருப்பது ஒழுங்கான கலெக்‌ஷனா என்று லேபில் கண்டுபிடித்துவிடுவார்கள். கிரியேட்டினின் என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஆளின் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் வெளியே போகும் என்று கணக்கு உண்டு. குறைந்தால் ஆள் பாதியை எங்கேயோ விட்டுவிட்டார் என்று அர்த்தம். கூடினால் என்ன அர்த்தம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

"நல்லா பாத்தியாப்பா?" என்றேன்.

"மூணு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன் மேடம். ஒண்ணு இது ரெண்டு பேரோடது. இல்லன்னா அவரு யானை."

அவர் யானை இல்லை. என் ஃபைலில் எடை அறுபத்தோரு கிலோ என்று போட்டிருந்தது.

2. நான் சொன்ன ஒரு வார்த்தை

அவர் பெயரை சிவஞானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவனகிரிக்குப் பக்கத்துக் கிராமம், நாற்பத்துநாலு வயசு. ஜேசிபி ஓட்டுகிறவர். கால் வீக்கம் என்று வந்தவரைப் பரிசோதித்த எங்கள் டாக்டர், ஸ்டடியைப் பற்றி விளக்கிச் சொல்லி, விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். சிவஞானம் ரெண்டு நாள் யோசித்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

"மருந்தா, சும்மா மாத்திரையான்னு எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுப்பார்கள்.

"தெரியாட்டிப் போவுது சார். மாசா மாசம் கூப்ட்டு வச்சுப் பாப்பீங்கல்ல? அதுவே எனக்கு மருந்துதான்" என்றார். எனக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துவிட்டது.

வெளியே வந்ததும் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்.

"சிஸ்டர், இது என் தங்கச்சிக்கு மட்டும் தெரியக்கூடாது. எங்கப்பா போனப்புறம் அவளைக் கட்டிக் குடுத்தது நாந்தான். தெரிஞ்சா, என் கிட்னிய எடுத்துக்கண்ணான்னு வந்து நிப்பா. அவளுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க."

"எங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்றேன். அது வெறும் ஆறுதல் இல்லை. நோயாளியின் விவரத்தை அவர் அனுமதியில்லாமல் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி.

ஸ்டடியில் சேர்வதற்கு முன்னால் ஒரு ஒழுங்கான கலெக்‌ஷன் வேண்டும். அதில் புரோட்டீன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால்தான் உள்ளே எடுப்பார்கள். மூன்று வாய்ப்பு. மூன்றும் வீணானால் ஸ்க்ரீன் ஃபெயில். பிறகு என்ன கெஞ்சினாலும் சேர்க்க முடியாது.

முதல் வாய்ப்பில் அவர் கொண்டுவந்த கேனைத் தூக்கினேன். காலி கேன் மாதிரி இருந்தது. அடியில் ஒரு டம்ளர் அளவு கிடந்தது.

"என்னாங்க இது?"

"ஒரு நாளுதுன்னு சொன்னீங்களே சிஸ்டர். இன்னிக்கி காலையிலதான் போனேன். சூடா இருக்குது பாருங்க."

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இந்த வயசிலும் குறையவில்லை. "இது பத்தாது. இவ்ளோ பெரிய கேன் எதுக்குக் குடுத்துருக்கு?" என்று கத்திவிட்டேன். பிறகு முறையை விளக்கினேன். காலை ஆறு மணிக்கு முதலில் போவதை வெளியே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும் போகிற ஒவ்வொரு சொட்டும் கேனுக்கு. தலையைத் தலையை ஆட்டினார். எல்லாம் புரிந்தது என்று நினைத்தேன். அவருக்கு மண்டையில் தங்கியது ஒன்றே ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. இது பத்தாது.

அடுத்த வாரம் ரெண்டாவது கேன் வந்தது. கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப. மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் வேறு. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர் மச்சான் குமார், சிவஞானத்தின் மனைவிக்குத் தம்பி. தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவர் மாதிரி முகமெல்லாம் பெருமை.

அந்தக் கேனைப் பற்றித்தான் வெள்ளிக்கிழமை போன். உடனே குமாரைக் கூப்பிட்டேன்.

"குமாரு, உண்மையச் சொல்லு. அந்தக் கேன்ல நீ போனியா?"

"ராத்திரி பாத்தா பாதிதான் மேடம் இருந்துச்சு. மாமா மூஞ்சே செத்துப் போச்சு. சிஸ்டர் திட்டுவாங்க மச்சான்னாரு. பெரிய டாக்டருக்குப் போற பொருளு, கொறையா அனுப்பினா நல்லாவா இருக்கும்? அதான்..."

"எத்தனை வாட்டி?"

"நானு மூணு வாட்டி. வண்டி ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கு ஒரு வாட்டி. நல்ல பையன் மேடம், கேட்டதும் ஒத்துக்கிட்டான்."

லேப் கண்டுபிடித்தது ரெண்டு பேர். உண்மையில் மூணு பேர். விருந்தாளிக்குச் சாப்பாடு போதாமல் போய்விட்டால் அந்தக் குடும்பமே தலைகுனிந்துவிடும். அந்த மனசோடு கேனையும் பார்த்திருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது? பத்தாது என்று சொன்னது நான்தானே.

3. காதுகுத்து

ஸ்க்ரீனிங் கெடு திங்கட்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை காலை சிவஞானத்தை வரவழைத்தேன். அது வெயில் காலம் என்பதால் இந்த முறை கேனோடு ஒரு தெர்மாகோல் பெட்டியும், உள்ளே வைக்க ஐஸ் பேக்கும் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை காலை ஆறுலேர்ந்து திங்கக்கிழமை காலை ஆறு வரைக்கும். நீங்க மட்டும். பாதி வந்தாலும் பரவால்ல, கால் வந்தாலும் பரவால்ல."

அவர் முகம் சுருங்கியது. "ஞாயித்துக்கிழமை தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து சிஸ்டர். நாந்தான் தாய்மாமன். என் மடியிலதான் புள்ளைய ஒக்கார வைக்கணும்."

டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தால் வழி தெரியவில்லை என்று அர்த்தம். "ஜெயசீலி, பொட்டியையும் தூக்கிட்டுப் போவ வேண்டியதுதான். கூட யாராவது இருந்தா நல்லது. நீங்க..."

"அவரே பத்திரிகை வச்சுருக்காரு சார்."

"போய்ட்டு வாங்க. ஆனா அங்க வாயத் தொறக்காதீங்க."

வாயைத் திறக்காமல் ஒரு காதுகுத்துக்குப் போவது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. எவர்சில்வர் டம்ளர் செட் ஒன்று வாங்கி, கலர் காகிதம் சுற்றி, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை புவனகிரியில் போய் இறங்கினேன். மண்டப வாசலில் ஒரு அம்மா மறித்தார். நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் சாவிக் கொத்து. சிவஞானத்தின் தங்கை மலருக்கு மாமியார்.

"நீ யாரும்மா? மொகம் புதுசா இருக்குது."

"சிவஞானம் அண்ணனுக்குத் தெரிஞ்சவங்க."

"எப்படித் தெரியும்?"

"சும்மா, தெரியும்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அதற்குள் மேளச் சத்தம் கேட்டது. தாய்மாமன் சீர் வருகிறது. பழம், பூ, புடவை, பொம்மை என்று தட்டு தட்டாகப் பெண்கள் ஏந்தி வர, முன்னால் சிவஞானம் பட்டு வேட்டியில் நடந்து வந்தார். நான் தட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தேன், பழக்க தோஷம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்தோராவது தட்டில் ஜிகினாப் பேப்பர் சுற்றி, மேலே ஒரு ரோஜாப் பூ செருகி, என்னுடைய தெர்மாகோல் பெட்டி வந்துகொண்டிருந்தது.

குமாரைத் தூணோரம் இழுத்து வந்தேன்.

"டேய், அந்தப் பொட்டி!"

"அதுவா மேடம்? ஆப்பிள் தட்டை வூட்லயே மறந்துட்டு வந்துட்டாங்க. எண்ணிப் பாத்தா இருவது. ரெட்டப்படையில சீர் வைக்க முடியுமா? மாமா கார்ல இந்தப் பொட்டி இருந்துச்சு. ஐஸ் வச்சு சில்லுனு இருந்துச்சா, கேக்குன்னு நெனச்சேன்."

"கேக்கா?"

குமார் என் முகத்தைப் பார்த்தான். அவன் கேனைத்தான் முன்பு பார்த்திருந்தான், பெட்டியைப் பார்த்ததில்லை. மெதுவாக அவனுக்கு விளங்கியது. "ஐயையோ" என்றான்.

சீர் மேடை முன்னால் வரிசையாக இறங்கியது. வீடியோக்காரர் ஒவ்வொரு தட்டாக எடுத்தார். என் பெட்டிக்கு மட்டும் ரெண்டு தடவை கேமராவைக் கொண்டுபோனார், ரோஜாப் பூ அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு மாமியார் அம்மா சத்தமாக எண்ணினார். இருபத்தொண்ணு சரியாக இருந்தது. தோட்டை மட்டும் எடுத்து ஆசாரியிடம் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

4. தண்ணி பாட்டில்

சிவஞானம் மேடையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். மொட்டையில் சந்தனம் பூசிய சின்னப் பெண். என்னைத் தேடிப் பார்த்தார். நான் கண்ணால் ஸ்டோர் ரூமைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

கால் வீக்கத்துக்காக அவருக்கு டாக்டர் கொடுத்திருந்தது தண்ணி மாத்திரை, உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீராக இறக்கிவிடுவது. காலையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டும். அன்றைக்கும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். மாத்திரை விஷயத்தில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது.

நல்ல நேரம் வருவதற்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று ஐயர் சொன்னார். அந்த இருபது நிமிஷமும் மடியில் குழந்தை குதித்தது. சிவஞானத்துக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. பல்லைக் கடித்தார். கடைசியில் ஆசாரி கம்பியை இறக்கினதும் குழந்தை வீரிட்டது. தாய்மாமன் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா, புள்ளைக்கு வலிச்சா மாமனுக்கு எப்படி இருக்குன்னு!" என்று பக்கத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

ரெண்டாவது காதும் முடிந்ததுதான் தாமதம், குழந்தையைத் தூக்கி ஐயர் மடியில் வைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"சிஸ்டர், முடியல. வெளியில வுட்டுடட்டுமா?"

"ஒரு சொட்டு வெளியில போனாலும் கலெக்‌ஷன் போச்சுங்க."

பந்தியில் வைக்க அடுக்கியிருந்த தண்ணீர் பாட்டிலில் ஒன்றை எடுத்து, குரோட்டன்ஸ் தொட்டியில் கவிழ்த்துக் காலி செய்து அவர் கையில் திணித்தேன். மண்டபத்துக்குப் பின்னால் ஓடினார். ஐந்து நிமிஷத்தில் உலகத்திலேயே நிம்மதியான மனிதராகத் திரும்பி வந்தார். பாட்டில் முக்கால் நிறைந்திருந்தது. மூடியை இறுக்கி, கைக்குட்டை சுற்றி, அதை என் கைப்பைக்குள் வாங்கிக்கொண்டேன். இனி சாவி கிடைத்ததும் கேனில் ஊற்றிவிடலாம். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மாமியார் அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து ஓடி ஓடிக் களைத்துப்போயிருந்தார். கைப்பையில் தலை நீட்டிக்கொண்டிருந்த பாட்டில் மூடி அவர் கண்ணில் பட்டது.

"யம்மா, தொண்ட காயுது. அந்தத் தண்ணிய இப்படிக் குடு."

"அது... வேண்டாங்கம்மா. நான் வேற கொண்டாந்து தரேன்."

"ஏன், இதுக்கென்னா? ஒரு வாய்தான குடிக்கப் போறேன்." கையை நீட்டிவிட்டார்.

நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"இதென்னாடி அநியாயமா இருக்குது!" மண்டபமே திரும்பிப் பார்க்கிற சத்தம். "எங்க வூட்டு விசேஷத்துக்கு வந்து, எங்க பாட்டில எடுத்துப் பையில வச்சுகிட்டு, எனக்கே ஒரு வாய் தண்ணி தரமாட்டேங்குறா! யாரு கூப்பிட்டது இந்தப் பொம்பளைய?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். பையில் இன்னும் என்னென்ன இருக்கிறது, திறந்து பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் காது சுட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இத்தனை வருஷ வேலையில் அன்றைக்கு மாதிரி நான் அழுகையை அடக்கினதில்லை.

"அவுங்கள வுடுங்க" என்று ஒரு குரல். சிவஞானம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "அவுங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துருக்காங்க, எனக்காவ. பாட்டில்ல இருக்கறது தண்ணி இல்ல அத்தே. என்னோட ஒண்ணுக்கு."

மாமியார் அம்மா நீட்டின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கை பாட்டிலைத் தொடவேயில்லை, ஆனாலும் துடைத்தார்.

"எனக்குக் கிட்னில கோளாறு. ஒரு நாளுக்கு உண்டானதப் புடிச்சுக் குடுக்கணும். நீங்க பூட்டி வச்ச சீர்ல, அந்த ஜிகினா சுத்தின பொட்டி இருக்குதே, அதுலயும் அதான் இருக்குது."

"கேக்குன்னு நெனச்சுட்டேன்" என்றான் குமார் பின்னாலிருந்து, யாரும் கேட்காமலேயே.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது அப்படியே பரவியது. வீடியோக்காரர் தன் கேமராவைப் பார்த்து "ரெண்டு வாட்டி எடுத்துட்டேனே" என்று முனகினார். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. மலர், அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணனையே பார்த்தபடி நின்றாள்.

"எத்தன மாசமாண்ணா?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ..."

"என் கிட்னிய எடுத்துக்க" என்றாள். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

சிவஞானம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன் இல்லையா சிஸ்டர் என்கிற பார்வை. அவர் தலையசைத்து அனுமதி கொடுத்த பிறகு நான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். "அந்த அளவுக்கு இன்னும் வரலம்மா. அது வர நாளத் தள்ளிப் போட முடியுமான்னு பாக்கத்தான் இந்தக் கேனு, பாட்டிலு எல்லாம். இது கெட்டுப் போனா, அண்ணனை ஸ்டடில சேத்துக்க மாட்டாங்க."

மலர் குழந்தையை என் கையில் கொடுத்தாள். நேராக மாமியாரிடம் போய்க் கையை நீட்டினாள். "அத்தே, சாவி."

மாமியார் அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அவர் முகத்தில் வேறு ஒரு கவலை ஓடியது. "சீர்ல வந்தத திருப்பி எடுத்துட்டுப் போறது எங்க பழக்கத்துல இல்ல. அதுவும் எடுத்துட்டா இருவதாப் போயிடும். ரெட்டப்படை." விரலை மடக்கி யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னா கொண்டாந்த?"

"டம்ளர் செட்டு."

"குடு. அதையும் வச்சு இருவத்தொண்ணு." வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டார். "அவரு பக்கத்து ஆளுதான நீ? தாய்மாமன் சீர்ல சேந்துடும்."

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நான் இதுவரை சீர் செய்ததில்லை. புவனகிரியில் ஒரு குழந்தைக்குச் செய்திருக்கிறேன்.

5. நல்ல சேதியா, கெட்ட சேதியா

அன்றைக்கு மீதி நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குக் காவல் இருந்தது மலர். ஜிகினாவைக் கழற்றவில்லை. அண்ணன் எழுந்து போனாலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாளாம். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் கூட, "மாமாவுக்கு வருதாம், வழி வுடுங்க" என்றார்களாம். நான் பாட்டிலில் இருந்ததைக் கேனில் ஊற்றிவிட்டு அதற்குள் பஸ் ஏறிவிட்டேன். குமார்தான் மறுநாள் சொன்னான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மூன்று பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். சிவஞானம், மலர், குமார். கேனைத் தூக்கினேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"நான் ஒரு சொட்டு சேக்கல மேடம். சத்தியமா" என்றான் குமார்.

பெட்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பூட்டிய அறையில் கிடந்ததை நான் மறைக்கவில்லை. ஐஸ் கரையாமல்தான் இருந்தது. இருந்தாலும் ஃபைலில் எழுதினேன், காரணம் என்கிற இடத்தில் "சீர்" என்று போட்டேன். பிறகு அந்த ஃபைலைச் சோதிக்க வந்த மானிட்டர் வடக்கே எங்கேயோ படித்து வளர்ந்த பிள்ளை. அந்த ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். கடைசியில் அவர் பேனாவை மூடிவிட்டு, டீ சாப்பிடப் போகலாமா மேடம் என்றார்.

சாயங்காலம் லேபிலிருந்து போன். "மேடம், இன்னிக்கி கேன்ல ஒரே ஆளுதான் இருக்காரு." புரோட்டீனும் தேவைப்பட்ட அளவுக்கு மேலேயே இருந்தது. சிவஞானம் உள்ளே வந்துவிட்டார்.

சேதியைச் சொல்லப் போன் போட்டேன். மலர்தான் எடுத்தாள்; எதுவானாலும் அவளிடமே சொல்லலாம் என்று சிவஞானம் காலையிலேயே சொல்லியிருந்தார். "புரோட்டீன் ஜாஸ்தியா இருக்கும்மா, அண்ணனை எடுத்துக்கிட்டாங்க" என்றேன் சந்தோஷமாக.

"ஜாஸ்தியா இருக்கறது நல்லதா சிஸ்டர், கெட்டதா?"

இருபது வருஷமாக இந்தத் தாள்களைப் பூர்த்தி செய்கிறேன், அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. "ரெண்டுந்தாம்மா" என்றேன்.

"சரி. அவருக்கு நெஜ மாத்திரையாப் பாத்துக் குடுங்க."

"அது என் கையில இல்லம்மா. நெஜமாவே இல்ல."

அடுத்த வாரம் பெட்டி திரும்பி வந்தது. ஸ்டடிக்குச் சொந்தமான பொருள், நான் கணக்கில் வரவு வைக்க வேண்டும். திறந்தேன். உள்ளே வழிய வழிய கை முறுக்கு. மலரின் மாமியார் தன் கையால் சுற்றினதாம். வெறும் பெட்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். டாக்டர் ரெண்டு முறுக்கைத் தின்று முடித்துவிட்டு, "நல்லா இருக்கே, எந்தப் பொட்டியில வந்துச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு அதையும் தின்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ரெண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, நோயாளியிடம் "பத்தாது" என்று சொல்லாதீர்கள். அவர்கள் எப்படியாவது அதை நிறைத்துவிடுவார்கள். எங்கள் விளக்கத் தாளில் இப்போது கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம்: கேன் நிரம்ப வேண்டியதில்லை, வேறு யாரும் உதவ வேண்டாம்.

இன்னொன்று, கேனைக் கொடுப்பதற்கு முன்னால் இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் இது யாருக்கெல்லாம் தெரியும்? சொல்லச் சொல்லி வற்புறுத்துவதில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பேன், அவ்வளவுதான். பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுகிறார்கள்.

ஸ்டடி இன்னும் முடியவில்லை. சிவஞானம் சாப்பிடுவது மருந்தா, சும்மா மாத்திரையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜேசிபி ஓட்டுகிறார். டயாலிசிஸ் பக்கம் இன்னும் போகவில்லை. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கலெக்‌ஷன். அந்த நாளில் காலை ஆறு மணிக்கு அவருக்கு ஒரு போன் வரும்.

"அண்ணா, எழுந்துட்டியா? மொத வாட்டி வெளியில வுட்டுடு. அப்புறந்தான் கேனு."

இதுவரை ஒரு கேன் கூட வீணாகவில்லை.